பாக்கி பத்தொன்பது

கோல் கம்பத்துக்குப் பின்னால் ஐந்து முக்காலிகள்.
மழை.
மாண்டிவீடியோவின் ஜூலை மழைக்கு
நேராக விழத் தெரியாது.
நதியென்று பெயர் வைத்த கடலின் பக்கமிருந்து
சாய்ந்து வந்து காதுக்குள் பேசும்.

இரண்டாம் டிவிஷன் ஆட்டம்.
ஆட்களைவிடக் கொடிகள் அதிகம்.

வில்மார்தான் ஆரம்பித்தான்,
மாத்தேயை ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு:
"அதே கேமராவை மலிவாக விட்டிருக்கிறார்கள்.
பாதி விலை. உள்ளே அதே சென்சார்."

யாரும் அவனைப் பார்க்கவில்லை.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பிப்ரவரியில் வாங்கியவன் நான்.
இருபத்துநான்கு தவணை.
ஐந்து கட்டியாயிற்று.
பாக்கி பத்தொன்பது.

"வ்யூஃபைண்டர் கிடையாது" என்றார் பெந்தாங்குர்.
நாற்பது வருடம் இடது கண்ணை இடுக்கி இடுக்கி
கன்னத்தில் நிரந்தரமாக ஒரு மடிப்பு வாங்கியவர்.
"கண்ணை வைக்க இடமில்லாதது ஒரு கேமராவா?
கையை நீட்டிக்கொண்டு நிற்பதற்குப் பெயர்
படம் எடுப்பது இல்லை,
பிச்சை எடுப்பது."

"கார்டும் ஒன்றுதான்" என்றான் ஓரிபே.
சனிக்கிழமைகளில் கல்யாணம் எடுக்கிறவன்.
இரண்டாவது கார்டு அவனுக்கு இரண்டாவது கடவுள்.
ஒருமுறை ஒரு மணப்பெண்ணிடம் போய்
"இன்னொரு தடவை அழ முடியுமா"
என்று கேட்க நேர்ந்தது அவனுக்கு.

நானும் சொன்னேன்.
மெக்கானிகல் ஷட்டர் இல்லை,
வேகமாகப் போகும் பந்து முட்டையாகிவிடும் என்று.
அறிவியல் பேசுகிறவன் மாதிரி நிதானமாகத்தான் சொன்னேன்.
வயிற்றெரிச்சலுக்கு
எத்தனை கௌரவமான சொற்கள் இருக்கின்றன.

கடைசி முக்காலியில் யானிரா.
மருந்துக்கடையில் பகல் வேலை.
பையைத் திறந்து அதையே எடுத்தாள்.
புத்தம் புதுசு.
மேலே ஏதோ ஓட்டலின் குளியல் தொப்பி.

"இது மழை தாங்காதாமே?"
"நானும்தான் தாங்க மாட்டேன்"
என்று தொப்பியின் ரப்பரை இழுத்துவிட்டாள்.

"எத்தனை தவணை?"
"தவணையெல்லாம் இல்லை. மொபெட்டை விற்றேன்.
இன்றைக்கு இரண்டு பஸ் மாறி வந்தேன்."

பெந்தாங்குர் தன் லென்ஸைத் துடைத்தார்.
துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

எழுபத்தொன்றாம் நிமிடம்
கார்னரிலிருந்து வந்த பந்து யார் தலையிலோ பட்டு
உள்ளே போனது.
நாங்கள் நாலு பேரும் பட்டாணி வறுத்தோம்.
அவளிடமிருந்து சத்தமே இல்லை.

பிறகு திரையைக் காட்டினாள்.
"நீங்கள் சொன்னது சரி" என்று சிரித்தாள்.
"முட்டைதான்."

முட்டைதான்.
அதற்குக் கீழே கோல்கீப்பரின் திறந்த வாய்,
வெளியே வராத கெட்ட வார்த்தை
பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவில் நிற்கிறது.

என் திரையில் பந்து உருண்டை.
பிசிறில்லாத உருண்டை.
அதற்கு முன்னால், முழு அகலத்துக்கும்,
நடுவரின் முதுகு.

மழை பிடித்தால் இந்த ஊரில்
யாராவது தோர்த்தா ஃபிரீத்தா பொரிப்பார்கள்.
கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் வாசனை வந்தது.
"கொஞ்சம் பிடியுங்கள்" என்று
என் கையில் வைத்துவிட்டு ஓடினாள்.

ஒன்றுமே இல்லாதது போல இருந்தது.
என்னுடையதை இத்தனை மாதமாகக்
கழுத்து சுமந்திருக்கிறது; வலியை
தரம் என்று நினைத்திருக்கிறேன்.

விரல் எங்கோ பட்டது.
சத்தம் வராததால்
எடுத்தேனா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.
பார்த்தால், இருக்கிறது:
சேறு, பெந்தாங்குரின் இடது ஷூ,
பாதி முக்காலி.

அழிக்கும் பொத்தான் அதே இடத்தில்தான்.
என் கட்டைவிரலுக்கு மனப்பாடம்.
அழிக்கவில்லை.

ஐந்து பேருக்கும் வாங்கி வந்தாள்.
காகிதம் எண்ணெயில் கண்ணாடியாகியிருந்தது.
முழங்கையால் என்னிடமிருந்து கேமராவை வாங்கி
தொப்பிக்குள் தள்ளினாள்.

பாக்கி பதினெட்டு ஆகிறபோது
கேட்க வேண்டும்,
அந்த ஷூவைப் பார்த்தாளா என்று.